புரூம்: சிப்பிக்காகப் பிறந்த துறைமுகம், அதில் கலந்த மனிதர்கள்

தென்கடல் எழுதியது:

முத்துக்குளிப்பு என்று பேச்சு வந்தால் நாம் கொற்கை, தூத்துக்குடி, மன்னார், அப்புறம் பாரசீக வளைகுடா என்று போய் அதோடு நிறுத்திவிடுகிறோம். இதே இந்தியப் பெருங்கடலின் இன்னொரு கோடியில், ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், சிப்பிக்காகவே எழுந்த ஓர் ஊர் இருக்கிறது. பெயர் புரூம். தமிழில் தேடினால் சுற்றுலா விளம்பரம் தவிர உருப்படியாக ஒன்றும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த இழை.

எனக்குத் தெரிந்ததை முதலில் போடுகிறேன், மற்றவர்கள் வந்து சேருங்கள். ரோபக் விரிகுடாவின் கரையில், யாவுரு மக்களின் நிலத்தில், 1883-ல் பிரிட்டிஷ்காரர்கள் இந்த ஊரை அறிவித்தார்கள். அப்போது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்த பிரெடரிக் புரூமின் பெயரை வைத்தார்கள். பெர்த்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். தெற்கே பாலைவனம், மேற்கே கடல், அந்தக் கடலும் பெரிய பௌர்ணமி நாட்களில் ஒன்பது, பத்து மீட்டர் ஏறி இறங்கும். இப்படி உலகத்தை விட்டு ஒதுங்கிக் கிடந்த இடத்தில்தான் ஜப்பானியர், சீனர், மலாய்க்காரர், பிலிப்பைன்காரர், தீமோரின் கூப்பாங்கிலிருந்து வந்தவர்கள், ஐரோப்பியர், அந்த மண்ணுக்கே உரிய யாவுரு, பார்டி மக்கள் எல்லாரும் சில தெருக்களுக்குள் வாழ்ந்தார்கள். முதல் உலகப் போர் தொடங்கும் சமயத்தில் அங்கே சுமார் 400 சிப்பிப் படகுகள் இருந்தன. உலகத்துக்குத் தேவையான முத்துச்சிப்பி ஓட்டில் பெரும் பகுதி இந்த ஒரே துறையிலிருந்து போனது.

ஓடு என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனியுங்கள். அவர்கள் முதன்மையாகத் தேடியது முத்தை இல்லை. லண்டனிலும் நியூயார்க்கிலும் சட்டைக்குப் பொத்தான் செய்ய, கத்திக்குப் பிடி போட, அந்தப் பளபளக்கும் ஓடு தேவைப்பட்டது. முத்து கிடைத்தால் அது மேல்வரும்படி.

மன்னார்க்காரன் எழுதியது:

நல்ல இழை தம்பி. எங்கட பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசமே நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான். மன்னார்ச் சிப்பி சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஓடு மெல்லியது, பொத்தானுக்கு உதவாது. அதனால் இங்கே எல்லாம் முத்துக்காகத்தான். புரூமில் எடுப்பது அந்தக் குடும்பத்திலேயே ஆகப் பெரிய சிப்பி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், ஓடு கனம்.

தொழில் நடந்த விதமும் அடியோடு வேறு. இங்கே முத்துக்குளிப்பு அரசாங்கத்தின் காரியம். சிப்பி கிடக்கும் கடலடித் திட்டான பாரைப் பார்வையிட்டு, சிப்பி முற்றியிருக்கிறதா என்று சோதித்து, அறிவித்த வருடத்தில் மட்டும் சில வாரங்கள் நடக்கும். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து மூச்சடக்கி இறங்குவார்கள். சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் ஆள் இல்லாத மணலில் ஒரு பட்டணமே முளைத்து, முடிந்ததும் கலைந்துவிடும். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் இதற்காகவே கட்டிய மாளிகையின் இடிபாடு இன்றைக்கும் நிற்கிறது, ஊரில் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கடல் அரித்து அரித்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது, யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை, அது வேறு வயிற்றெரிச்சல்.

நான் கேட்க நினைப்பது இது. எங்கட பட்டணம் கலைந்துபோனது, அவர்களுடையது மட்டும் எப்படி நிலைத்த ஊர் ஆனது?

பேர்த்வாசி எழுதியது:

மன்னார்க்காரன் அண்ணாவின் கேள்விக்கு: அங்கே வருடத்தில் பெரும் பகுதி வேலை நடந்தது. புயல் காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை மட்டும் படகுகளை ஓடைக்குள் கொண்டுவந்து சாய்த்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். அந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான கடலோடிகள் கையில் காசோடு கரையில் இருப்பார்கள். அவர்களுக்குச் சோற்றுக்கடை, சூதாட்ட விடுதி, தையற்கடை, குளியல் வீடு எல்லாம் வேண்டுமே. இன்றைக்கு சைனாடவுன் என்று சொல்லும் கார்னர்வன் தெருவும் டாம்பியர் டெரசும் அவற்றை இணைக்கும் சந்துகளும் அப்படி வளர்ந்தவைதான். பெயர் சைனாடவுன் என்றாலும் பாதிக் கடைகள் ஜப்பானியருடையவை.

நான் வேலை நிமித்தம் கொஞ்சக் காலம் புரூமில் இருந்தேன், அதனால் அந்த வேலை எப்படி நடந்தது என்று எழுத முடியும்.

லக்கர் என்ற படகு, இரண்டு பாய்மரம், சுமார் பதினைந்து மீட்டர் நீளம். 1880-களிலேயே செம்புத் தலைக்கவசமும் ரப்பர் பூசிய கான்வாஸ் உடையும் ஈயம் போட்ட சப்பாத்தும் வந்துவிட்டன. மூழ்காளி பெரும்பாலும் ஜப்பானியர், அதிலும் வாகயாமா மாகாணத்துக் கடலோர ஊர்க்காரர், தாய்ஜி என்ற ஊரிலிருந்து நிறையப் பேர். மேலே கயிறு பிடிப்பவரும் அநேகமாக அவருடைய ஊர்க்காரர்தான், உயிர் அவர் கையில் இருக்கிறதல்லவா. காற்றுப் பம்பைக் கையால் சுழற்றியவர்கள் மலாய்க்காரர்களும் கூப்பாங்குக்காரர்களும். சமையல் சீனர். படகின் உரிமம் வெள்ளைக்காரர் பெயரில்.

மூழ்காளி அடியில் நின்று பொறுக்கமாட்டார். படகு நீரோட்டத்தோடு பக்கவாட்டில் மிதந்து போகும், அவர் தரைக்குச் சற்று மேலே தொங்கியபடி கூடவே இழுபட்டுப் போவார், மணலில் பாதி புதைந்த சிப்பியின் வாய்க்கோடு கண்ணில் பட்டதும் குனிந்து அள்ளிக் கழுத்தில் தொங்கும் வலைப்பையில் போடுவார். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர் ஏறி இறங்கும் வேகத்தில் கடல் கலங்கி ஒன்றும் தெரியாது. ஆகவே இடைப்பட்ட அமைதி நாட்களில்தான் முழுமூச்சாக வேலை. ஊரின் நாட்காட்டியே நிலாவை வைத்துத்தான் ஓடியது.

சிப்பியைத் திறக்கும்போது சதைக்குள் முத்து அகப்பட்டால் அதைப் பூட்டிய சிறு பெட்டிக்குள் போட வேண்டும், சாவி முதலாளியிடம். ஆனாலும் எத்தனையோ முத்துக்கள் வாய்க்குள்ளும் சமையல் பாத்திரத்துக்குள்ளும் ஒளிந்து கரைக்கு வந்து சந்துக்குள் கைமாறின. 1905-ல் இப்படி ஒரு முத்துப் பேரத்தில் ஒரு வியாபாரியைக் கொன்றதற்காக மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள்.

தென்கடல் எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரே படகில் நான்கைந்து இனம், ஒவ்வொருவர் உயிரும் இன்னொருவர் கையில். உலகத்தில் வேறெங்கும் அந்தக் காலத்தில் இப்படி மனிதர்கள் கலந்து வாழ்ந்திருப்பார்களா என்று யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. மன்னார்க்காரன் அண்ணனுக்கு ஒரு தகவல். இலங்கையிலிருந்து போன சிங்களவர்களும் அங்கே இருந்தார்கள். டி. பி. எல்லிஸ் என்ற சிங்கள முத்து வினைஞர் ஊரிலேயே பெயர் பெற்றவர். கறையும் பருவும் உள்ள முத்தை வாங்கி, வெங்காயத்தை உரிப்பதுபோல மேலடுக்கை மெல்லச் சுரண்டி எடுத்து, உள்ளே குறையில்லாத அடுக்கு வரும்வரை போவார். ஓர் அடுக்கு அதிகமாகப் போய்விட்டால் முத்தே போச்சு, முதலும் போச்சு. பெரிய பெரிய முதலாளிகள் அவர் விரலை நம்பி முத்தைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

கயல் எழுதியது:

தென்கடல், உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் கதையை நடுவிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். ஜப்பானியருக்கு முன்னால் அந்தக் கடலில் மூழ்கியது யார்?

ஊர் பிறப்பதற்கு முன்பே அந்தக் கரையில் சிப்பித் தொழில் வந்துவிட்டது. உடையும் கிடையாது, பம்பும் கிடையாது. பழங்குடி மக்களைக் குதிரையில் விரட்டிப் பிடித்து, சங்கிலி போட்டுக் கொண்டுவந்து, படகிலிருந்து மூச்சடக்கி மூழ்க வைத்தார்கள். லாசிபீட் தீவுகளில் கொண்டுபோய் அடைத்து வைத்து ஆள் கேட்ட படகுகளுக்கு அனுப்பினார்கள். பெண்களுக்கு மூச்சு அதிகம் நிற்கும் என்று சொல்லிப் பெண்களைத் தேடிப் பிடித்தார்கள், கர்ப்பிணிகளையும் விடவில்லை. 1871-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் போட்ட சட்டத்தின் தலைப்பிலேயே இந்தத் தொழிலில் பெண்களை அமர்த்தக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். புரூமில் இன்று கடலை நோக்கி ஒரு கர்ப்பிணிப் பெண் சிப்பியை ஏந்தி நீரிலிருந்து எழுவதுபோல ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்புறம் கலந்து வாழ்ந்த கதைக்குப் போகலாம்.

ஒரே படகில் இருந்தார்கள், உண்மை. ஆனால் அந்தப் படகிலேயே யார் எங்கே நிற்பது, யாருக்கு எவ்வளவு கூலி என்பது இனத்தை வைத்துத்தான் முடிவானது. அதை விட்டுவிட்டுப் பேசினால் முதலாளி எழுதிய வரலாறாகப் போய்விடும்.

புதியவன் எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை இருந்ததே, ஆசியர்களை உள்ளேயே விடமாட்டார்களே, அப்புறம் புரூமில் மட்டும் எப்படி?

கயல் எழுதியது:

சரியான கேள்வி. 1901-ல் குடியேற்றத் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ஆசியத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்தார்கள். சிப்பித் தொழிலுக்கு மட்டும் விலக்கு. காரணம் கருணை இல்லை, வேறு யாரும் அந்தக் கூலிக்கு அந்தச் சாவுக்கு வரமாட்டார்கள். ஒப்பந்தத்தில் வரலாம், ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போக வேண்டும், குடியுரிமை கிடையாது, படகு சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

மெல்பேர்னில் இருந்த அரசுக்கு இந்த விலக்கும் உறுத்தியது. 1912-ல் பிரிட்டனிலிருந்து கடற்படைப் பயிற்சி பெற்ற மூழ்காளிகளையும் உதவியாளர்களையும், மொத்தம் பன்னிரண்டு பேர், வரவழைத்து வெள்ளையராலும் இது முடியும் என்று காட்ட முயன்றார்கள். சிப்பி எடுப்பதில் ஜப்பானியரின் பக்கத்தில்கூட அவர்களால் வர முடியவில்லை, வில்லியம் வெப்பர் என்பவர் அதே வருடம் மூழ்கும்போது வந்த நோயில் இறந்தும் போனார். விசாரணைக் குழு வைத்து, கடைசியில் ஆசியர்களே இந்த வேலைக்கு இருக்கட்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். நாடெங்கும் நிறத்துக்காக மூடிய கதவை இந்த ஒரு தொழிலுக்கு மட்டும் லாபத்துக்காகத் திறந்து வைத்தார்கள். புரூமின் கலப்பு அந்தத் திறப்பு வழியாக வந்தது என்பதை யாரும் மறக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

பேர்த்வாசி எழுதியது:

கயல் சொல்லும் சாவுக் கணக்கை நேரில் பார்க்கலாம். ஊரின் ஓரத்தில் ஜப்பானியர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 707 கல்லறைகள், 919 பேர். கடற்கரையில் கிடைத்த சிவந்த பாறையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டிருக்கிறார்கள், மெருகு போட்ட பளிங்கு இல்லை. பொழுது சாயும் நேரம் எழுத்து நன்றாகத் தெரியும். பெயர், ஊர், இறந்த நாள். என்னோடு வந்த ஜப்பானிய நண்பர் வரிசையாக வயதை வாசித்துக்கொண்டே போனார், இருபது, இருபத்திரண்டு, பத்தொன்பது, அதற்கு மேல் அவரால் வாசிக்க முடியவில்லை.

கொன்றது இரண்டு. ஒன்று ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கை கால் விளங்காமல் போகும் வாதம். 1914-ல் மட்டும் 33 பேரை அது கொண்டுபோனது. மற்றது புயல். 1887-ல் எண்பது மைல் கடற்கரை அருகே சுமார் 140 பேர், 1908-ல் ஒரே வருடத்தில் இரண்டு முறை, 1935-ல் லாசிபீட் தீவுகளின் பக்கம் 141 பேர். புயலில் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவே இல்லை, அவர்களுக்கு ஒரு பொதுத் தூண்தான்.

சீனர், முஸ்லிம்கள் எல்லாருக்கும் அடக்கம் செய்ய இடங்கள் தனித்தனியாக இருக்கின்றன. சாகும்போதும் பிரித்துத்தான்.

புதியவன் எழுதியது:

அப்படியானால் அடிதடி நடந்திருக்குமே?

தென்கடல் எழுதியது:

நடந்தது. 1920 டிசம்பரில் ஜப்பானியருக்கும் கூப்பாங்குக்காரருக்கும் பெரிய கலவரம், தெருவில் நாட்கணக்கில் கம்பும் கத்தியுமாக மோதினார்கள், உயிர்ச்சேதம் உண்டு. மூழ்காளிகளாகவும் கடைக்காரர்களாகவும் ஜப்பானியர் ஓங்கி நின்றதும், பம்பு சுழற்றியவர்களுக்கு அடிமட்டக் கூலி கிடைத்ததும் பின்னணி. கயல் அக்கா சொல்லும் படிநிலையை நான் மறுக்கவில்லை. சினிமாக் கொட்டகையிலேயே அது இருந்தது. 1916-ல் தொடங்கிய சன் பிக்சர்ஸ், கூரையில்லாத திரையரங்கு, இன்றும் ஓடுகிறது. நடுவில் நல்ல நாற்காலிகள் வெள்ளையருக்கு, ஜப்பானியரும் சீனரும் வேறு பகுதியில், மலாய்க்காரருக்கும் கூப்பாங்குக்காரருக்கும் இன்னொரு பக்கம், பழங்குடியினர் வேறு வாசலில் வந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும். ஆனால் பெரிய பெருக்கு வரும் இரவுகளில் கடல் தெருவுக்குள் ஏறி அரங்குக்குள்ளேயே வந்துவிடுமாம், எல்லாரும் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறார்கள். 1974-ல் கரை கட்டிய பிறகுதான் அது நின்றது.

என் கேள்வி வேறு. இத்தனை வேலி போட்டும் அந்த ஊரில் இவ்வளவு கலப்புக் குடும்பங்கள் எப்படி உருவாயின? சட்டம் வேண்டாம் என்றதை மனிதர்கள் செய்திருக்கிறார்களே, அதுவும் வரலாறுதானே?

கயல் எழுதியது:

அதுவும் வரலாறுதான், அதற்குக் கொடுத்த விலையோடு சேர்த்துச் சொன்னால். 1905-ல் மேற்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்த பழங்குடியினர் சட்டம், ஒரு பழங்குடிப் பெண் வேற்று இனத்தவரை மணக்க வேண்டுமானால் தலைமைப் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது. ஆசியரோடு சேர்ந்து வாழ்ந்ததாகத் தெரிந்தால் வழக்கு. ஆணை நாடுகடத்தலாம். கலப்பாகப் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிடுங்கி மடத்துக்கு அனுப்பலாம். புரூமுக்கு வடக்கே பீகிள் பே என்ற இடத்தில் கத்தோலிக்க மிஷன் இருந்தது, 1890-ல் பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கி, பின்னால் ஜெர்மன் பலோட்டைன் சபையினர் நடத்தியது. அப்படிப் பிடுங்கிய பிள்ளைகள் பலர் வளர்ந்தது அங்கேதான். அங்குள்ள தேவாலயத்தின் பலிபீடம் முழுக்க முத்துச்சிப்பி ஓடு பதித்தது, 1918-ல் முடித்தார்கள். கண்ணைப் பறிக்கும் அழகு. அதைக் கட்ட உழைத்தவர்களில் அங்கே வாழ்ந்த பழங்குடியினரும் உண்டு என்பதையும் சேர்த்துத்தான் அந்த அழகைப் பார்க்க வேண்டும்.

பேர்த்வாசி எழுதியது:

நீங்கள் இரண்டு பேருமே ஒரே விஷயத்தை இரண்டு பக்கமாகப் பிடித்திருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அங்கத்தைய ஆட்களோடு கதைத்தால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். என்னோடு வேலை செய்த ஒரு அக்கா, அம்மம்மா யாவுரு, தாத்தா கூப்பாங்கிலிருந்து வந்தவர், தகப்பன் வழியில் பிலிப்பைன். அனுமதி கேட்டு எழுதிய மனுவை மூன்று தடவை நிராகரித்த கதையைச் சொல்லிக்கொண்டே மதியச் சாப்பாட்டைத் திறப்பார், சோறு, சாத்தே, பக்கத்தில் இறால் கருவாட்டு வாசத்தோடு இடித்த மிளகாய்ச் சம்பல். பிளாச்சான் என்பார்கள். எங்கட வீட்டுச் சம்பலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், உறைப்புக் காணாது என்று சொல்லிவிட்டார்!

அந்த ஊரில் கூட்டுக் கறி மாதிரி இல்லை, ஒவ்வொன்றும் தன் பெயரோடேயே இருக்கிறது. படகில் பேசிய மொழிகூட மலாயை அடியாக வைத்து, ஜப்பானியம், ஆங்கிலம், பழங்குடி மொழிச் சொற்கள் சேர்ந்த ஒன்று. ஜிம்மி சீ என்ற இசைக் கலைஞர் அந்த ஊர்க்காரர், 2017-ல் காலமானார், தகப்பன் வழியில் சீனமும் ஜப்பானியமும், தாய் வழியில் ஸ்கொட்லாந்தும் பார்டி, நியுல்நியுல் பழங்குடிகளும். 1990-ல் அவர் மேடையேற்றிய இசைநாடகம்தான் பழங்குடி ஆஸ்திரேலியர் ஒருவர் எழுதி நாடு முழுக்கப் போன முதல் இசைநாடகமாகப் பேசப்படுகிறது. மிஷன் பள்ளியில் பட்டதை அழுது தீர்க்காமல் பாடித் தீர்த்தார், அதில் கோபம் குறைச்சல் இல்லை.

மன்னார்க்காரன் எழுதியது:

போர்க்காலத்தில் என்ன ஆனது? ஜப்பானியர் இவ்வளவு பேர் இருந்த ஊர் எண்டால் நெருக்கடி வந்திருக்குமே.

தென்கடல் எழுதியது:

1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியதும் ஊரில் இருந்த ஜப்பானியர் எல்லாரையும் கைது செய்தார்கள், நாற்பது வருடம் அங்கேயே வாழ்ந்தவர்களையும் சேர்த்து. சில குடும்பங்களில் அவர்களை மணந்த உள்ளூர்ப் பெண்களையும் பிள்ளைகளையும்கூட முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த மார்ச் 3, 1942. ஜாவா விழப்போகிற சமயம், அங்கிருந்து தப்பிய டச்சுக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வந்த நீர்விமானங்கள் எரிபொருளுக்காக ரோபக் விரிகுடாவில் இறங்கி நின்றன. காலையில் ஜப்பானிய ஜீரோ போர்விமானங்கள் ஒன்பது வந்து ஒரு மணி நேரத்துக்குள் இருபத்திரண்டு விமானங்களை எரித்தன. குறைந்தது 88 பேர் செத்தார்கள், பெண்களும் குழந்தைகளும் நிறைய. அந்த நீர்விமானங்களின் எலும்புக்கூடு இன்னும் சேற்றில் கிடக்கிறது, மிகப் பெரிய வற்று நாட்களில் தலைகாட்டும்.

அதே நாள் ஒரு டச்சு டக்கோட்டா விமானம் வைரப் பொட்டலத்தோடு வந்து, சுடப்பட்டு, வடக்கே கார்னட் விரிகுடாக் கரையில் இறங்கியது. ஓட்டியவர் இவான் ஸ்மிர்னாஃப், முதல் உலகப் போரிலேயே பெயர் வாங்கியவர். பொட்டலம் கடலில் போனது. ஜாக் பால்மர் என்ற கடற்கரைவாசி அதில் ஒரு பகுதியைக் கொண்டுவந்து ஒப்படைத்தார், மீதியில் பெரும்பாலானவை கிடைக்கவே இல்லை. வழக்கும் நடந்து அவர் விடுதலையானார்.

கயல் எழுதியது:

வைரக் கதையை எல்லாரும் சொல்வார்கள், யாசுகிச்சி முராகாமியின் கதையைச் சொல்ல ஆள் இல்லை. வாகயாமாவில் பிறந்து, இளவயதில் புரூமுக்கு வந்து, புகைப்பட நிலையம் வைத்தார். சிப்பித் தொழிலில் கேப்டன் கிரகரி என்ற வெள்ளைக்காரரோடு பங்காளி. மூழ்காளி உடையைத் திருத்தி 1920-களில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தக் காலத்துப் புரூமின் முகங்களை நாம் இன்று பார்க்கிறோம் என்றால் அதில் கணிசமானவை அவர் எடுத்த படங்கள். பின்னால் டார்வினுக்குக் குடிபோனார். போர் வந்ததும் அவரையும் பிடித்து விக்டோரியாவில் டாட்டுரா முகாமில் வைத்தார்கள், 1944-ல் அங்கேயே இறந்தார். ஊரின் முகத்தை எடுத்து வைத்தவருக்கு அந்த நாடு கொடுத்தது முள்வேலி.

மன்னார்க்காரன் எழுதியது:

வாசிக்கவே மனசு கனக்குது. போருக்குப் பிறகு தொழில் எழும்பினதா?

பேர்த்வாசி எழுதியது:

ஓடு எழும்பவில்லை அண்ணா. 1950-களில் பிளாஸ்டிக் பொத்தான் வந்து அந்தச் சந்தையையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஜப்பானிய மூழ்காளிகளை அதே வருடங்களில் மறுபடி வரவிட்டார்கள், ஊரில் எதிர்ப்பும் இருந்தது. 1956-ல் வடக்கே குரி பே என்ற இடத்தில் வளர்ப்பு முத்துப் பண்ணை வந்தது, ஜப்பானிய முதலாளி குரிபயாஷியின் பெயர்தான் அது. அதே பெரிய சிப்பிக்குள் சின்ன உருண்டையைச் செருகி இரண்டு வருடம் கடலில் தொங்கவிட்டு எடுக்கும் தென்கடல் முத்து இன்றைக்கும் ஊருக்குச் சோறு போடுகிறது. முன்பு ஓடு முதல், முத்து மேல்வரும்படி. இப்போது முத்து முதல், ஓடு மேல்வரும்படி. சிப்பிச் சதையும் விலை போகிறது, இறைச்சிக்கடைக்காரர் காதில் கேட்டால் மயங்கி விழும் விலை.

1970-லிருந்து ஷின்ஜு மட்சூரி என்று ஒரு முத்துத் திருவிழா. ஜப்பானியரின் ஓபோன், மலாய்க்காரரின் மெர்டேக்கா, சீனரின் விழா மூன்றையும் சேர்த்து ஊரே தொடங்கியது. 1981-லிருந்து தாய்ஜி அதன் சகோதர ஊர்.

புதியவன் எழுதியது:

யாவுரு மக்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? இழை முழுக்க வந்தவர்கள் கதையாகவே போகிறதே.

கயல் எழுதியது:

நன்றி, இதைக் கேட்க ஒருவர் வேண்டும். 2006-ல் கூட்டாட்சி நீதிமன்றம் புரூமும் சுற்றுப்புறமும் யாவுருவின் பூர்வீக நிலம் என்று தீர்ப்புச் சொன்னது. 2010-ல் அரசோடு ஒப்பந்தம். இன்று நிலம், வீட்டுத் திட்டம், மொழி வகுப்பு எல்லாவற்றிலும் அவர்களுடைய அமைப்புகள் இருக்கின்றன, பள்ளியில் யாவுரு சொல்லிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் வடக்கே வல்மதன் என்ற இடத்தில் பெரிய எரிவாயு ஆலை கொண்டுவரப் பார்த்தார்கள். பாறையில் டைனோசர் காலடித் தடங்கள் பதிந்த கரை அது. ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது, பழங்குடிக் குடும்பங்களுக்குள்ளேயே பிளவு, 2013-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். இன்றைய சிக்கல் வாடகை. சுற்றுலாவால் விலை ஏறி, அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே வீடு கிடைப்பது கடினமாகிக்கொண்டு வருகிறது.

தென்கடல் எழுதியது:

கயல் அக்கா, பேர்த்வாசி, இருவர் சொன்னதையும் வைத்து இதை ஒரு கட்டுரையாக எழுத ஆசை, லாசிபீட் தீவுகளிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். அடுத்த வருடம் நேரில் போகவும் எண்ணம். எந்த மாதம் சரி? அந்த நிலாப் படிக்கட்டு என்கிறார்களே, அதையும் பார்க்க வேண்டும்.

பேர்த்வாசி எழுதியது:

தாராளமாக எழுதுங்கள். மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், அதற்குப் பிறகு புழுக்கம் தாங்காது, டிசம்பரிலிருந்து புயல். நிலாப் படிக்கட்டு மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று இரவுகள்தான். நீர் முழுக்க வற்றி ரோபக் விரிகுடாவின் சேற்றில் தேங்கிய பட்டை பட்டையான தண்ணீரில் நிலா விழும்போது படி மாதிரித் தெரியும். நாட்களை ஊராட்சியே முன்கூட்டி வெளியிடும், அறை வாடகை அந்த நாட்களில் எகிறும், முதலிலேயே பிடித்துவிடுங்கள். நீர்விமானங்களைப் பார்க்க வற்று அட்டவணை தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம், பெருக்கு திரும்பும் வேகம் நடந்து தப்பும் வேகம் இல்லை. கேபிள் கடற்கரைக்கு எல்லாரும் போவார்கள், 1889-ல் ஜாவாவிலிருந்து தந்திக் கம்பி கரையேறிய இடம், அந்தத் தந்தி நிலையக் கட்டடம்தான் இப்போதைய நீதிமன்றம். ராபின்சன் தெருவில் உள்ள அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள். எழுதி முடித்ததும் இங்கேயே போடுங்கள், அந்த அக்காவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன், பிழை இருந்தால் அவர் விடமாட்டார்.

மன்னார்க்காரன் எழுதியது:

தம்பி, போகும்போது எல்லிஸின் கடை எந்தத் தெருவில் இருந்தது எண்டு கட்டாயம் விசாரித்து எழுதுங்கோ.